எண்ணால் அளந்த எழில்: பாத்திரமேற்பு விளையாட்டுகளில் உடலழகு பற்றிய விதிகளின் வரலாறு

அழகு அளவிடத்தக்கதன்று என்பதே பொதுவாக நிலவும் கருத்தாகும். எனினும் அதனை எண்ணால் அளந்துவிட முயன்றோர் வரலாற்றில் இல்லாமலில்லை. ஆங்கிலேய அறிஞரான பிரான்சிஸ் கால்ற்றன் தெருவிற் கண்ட பெண்களை அழகியர், இடைத்தரத்தினர், அழகற்றோர் என மூவகைப்படுத்தி, பிறர் அறியாவண்ணம் மறைத்து வைத்திருந்த தாளில் ஊசியாற் குத்திக் கணக்கெடுத்தார். பிரித்தானியாவின் 'அழகுப் படம்' ஒன்றை வரைவது அவர் எண்ணம். இலண்டன் முதலிடத்தையும் அபர்டீன் கடையிடத்தையும் பெற்றன என 1908 இல் வெளிவந்த தமது தன்வரலாற்றில் அவர் எழுதினார். இது தனியொருவரின் மதிப்பீடே என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆயினும் ஒரே மக்களிடையே மீண்டும் அளந்தபோது முடிவுகள் ஒத்துவந்தமையால் அதனை நம்பத்தக்கதெனக் கொண்டார். அளக்கப்படுவது பெண்ணின் அழகா, அளப்பவரின் கண்ணா என்ற வினா இவ்வாறு எழுந்து, எழுந்த இடத்திலேயே அமுங்கிப்போயிற்று.

கால்ற்றனுக்கு அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னர், சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில் இவ்வினா மீண்டும் தலைதூக்கியது. ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிறு நகரில், கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் ஆக்கிய 'டஞ்சன்ஸ் அன்ட் ட்ரகன்ஸ்' என்னும் விளையாட்டு 1974 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்தது. மூன்று சிறு கைநூல்கள் ஒரு பெட்டியில் அடக்கி விற்கப்பட்டன. விலை பத்து டொலர். முதற்பதிப்பு ஆயிரம் பிரதிகள். விளையாட்டு என்றதும் பலகையும் காய்களும் நினைவுக்கு வரலாம். இதிலோ அவை இன்றியமையாதன அல்ல. மேசையைச் சுற்றி அமர்ந்தோர் ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் என்ன செய்கிறது என்பதை வாயாற் சொல்வர். நடுவராக அமர்பவர் அதன் விளைவைச் சொல்வார். ஐயத்துக்குரிய இடங்களைப் பகடை தீர்க்கும். பாத்திரத்தின் இயல்புகள் ஆறு எண்களாற் குறிக்கப்பட்டன. அறுமுகப் பகடை மூன்றை உருட்டி வரும் கூட்டுத்தொகையே ஒவ்வோர் இயல்புக்கும் உரிய எண்ணாகும். ஆதலின் அது மூன்றுக்குக் குறையாது, பதினெட்டுக்கு மேற்படாது. வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, லாவகம் ஆகிய ஐந்தும் வாசகருக்கு எளிதில் விளங்கத்தக்கவை. ஆறாவதான 'கரிஸ்மா'வே இக்கட்டுரையின் பொருளாகும்.

கரிஸ்மா என்ற சொல்லின் பிறப்பு சமயஞ் சார்ந்தது. இறையருளாற் கிடைத்த கொடை என்ற பொருளில் அக்கிரேக்கச் சொல் புனித பவுலின் திருமுகங்களிற் காணப்படுகிறது. சமூகவியலறிஞர் மக்ஸ் வெபர் அதனைத் தலைமை பற்றிய தமது கோட்பாட்டுக்கு எடுத்துக்கொண்டார். மரபினாலோ சட்டத்தினாலோ அன்றி, தனியொருவரின் அசாதாரண ஆற்றலில் மக்கள் வைக்கும் நம்பிக்கையினாற் பிறக்கும் அதிகாரத்தை அவர் அப்பெயரால் வழங்கினார். வெபரின் கரிஸ்மாவில் முக அழகுக்கு இடமில்லை. 1974 ஆம் ஆண்டுக் கைநூலிலோ தோற்றமும் ஆளுமையும் ஒன்றுசேர்ந்ததே கரிஸ்மா என வகுக்கப்பட்டது. ஏன் இவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய, அவ்வெண் எதற்குப் பயன்பட்டது என்பதை நோக்குதல் வேண்டும்.

டஞ்சன்ஸ் அன்ட் ட்ரகன்ஸ் போர் விளையாட்டின் வயிற்றிற் பிறந்தது. அதற்கு முன்னோடியான 'செயின்மெயில்' (1971) இடைக்காலப் படைகளைச் சிறு உருவங்களால் மேசைமீது மோதவிடும் விதித்தொகுதியாகும். போர் விளையாட்டில் வீரர் நிலைத்து நிற்பரா, ஓடிவிடுவரா என்பது முக்கிய வினா. எனவே புதிய விளையாட்டிலும் கரிஸ்மாவின் முதற்பணி கூலிவீரரின் தொகையையும் அவர்தம் விசுவாசத்தையும் வரையறுப்பதாயிற்று. மூன்றோ நான்கோ பெற்ற பாத்திரம் ஒருவரையே சிறப்புப் பணியாளராக அமர்த்தலாம். பதினெட்டுப் பெற்றது பன்னிருவரை அமர்த்தலாம். அதாவது உடலழகு இவ்விளையாட்டினுள் காதலின் வழியாகவோ கலையின் வழியாகவோ நுழையவில்லை. ஆள்சேர்ப்புக் கணக்கின் ஒரு மூலையில், தலைமையின் நிழலில் ஒதுங்கி வந்து சேர்ந்தது.

ஆயினும் அதே பத்தியில் இன்னொரு பயன்பாடும் போகிறபோக்கிற் சொல்லப்பட்டது. பாத்திரத்தைச் சிறைப்பிடித்த சூனியக்காரி அவனைப் பன்றியாக மாற்றுவாளா, மயக்கிக் காதலனாக வைத்துக்கொள்வாளா என்பதையும் கரிஸ்மாவைக்கொண்டு முடிவுசெய்யலாம் என்பதே அது. ஹோமரின் ஒடிசியை அறிந்தோர்க்குக் கிர்க்கே இங்கே நினைவுக்கு வருவாள். ஒடிசியில் ஒடிசியசைக் காத்தது அவன் முக அழகன்று, ஹெர்மிஸ் அளித்த மூலிகை என்பதை இவ்விடத்திற் குறிப்பிடாமலிருக்க முடியாது. அது நிற்க, இச்சிறு வாக்கியம் வேறொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. சிறைப்படுபவன் ஆண், சிறைப்பிடிப்பவள் பெண். விளையாட வருவோர் யாவரும் ஆடவரே என ஆசிரியர்கள் எண்ணியிருந்தனர்.

அழகைத் தலைமையினின்று பிரித்துத் தனியெண்ணாக்கும் முயற்சி மறு ஆண்டிலேயே தோன்றியது. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மொழிகளைப் பயிற்றிய பேராசிரியரும், உருது, பலூச்சி ஆகிய மொழிகளுக்குப் பாடநூல்கள் ஆக்கியவருமான எம். ஏ. ஆர். பார்க்கர் தாம் பல்லாண்டாகக் கற்பனைசெய்துவந்த 'தேக்குமேல்' என்னும் உலகை அடிப்படையாகக்கொண்டு 'எம்பயர் ஒஃப் த பெற்றல் த்ரோன்' என்ற விளையாட்டை 1975 இல் ஆக்கினார். அவ்வுலகு ஐரோப்பிய இடைக்காலத்தைப் பின்பற்றாது, இந்தியா, மெசோவமெரிக்கா முதலியவற்றின் பண்பாடுகளின் சாயலைக் கொண்டிருந்தது. அதில் கரிஸ்மா இல்லை. அதன் இடத்தில் 'கம்லினஸ்' இருந்தது. யாழ்ப்பாணத்தார் 'வடிவு' என்று சொல்வதற்கு மிக அணுக்கமான சொல் இது. பார்க்கர் அதனை நூறுவரை செல்லும் அளவையால் அளந்தார். ஆனால் அச்சொல்லைப் பிற்காலத்திற் பெயர்பெறச் செய்தவர் அவரல்லர்.

1976 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் 'த ட்ரகன்' சஞ்சிகையின் மூன்றாவது இதழில் லென் லகோஃப்கா எழுதிய கட்டுரையொன்று வெளிவந்தது. பெண் பாத்திரங்களுக்கென வேறு விதிகளை அது முன்வைத்தது. பெண்களையும் இவ்விளையாட்டினுட் கொண்டுவருதல் அதன் வெளிப்படையான நோக்கம். நோக்கத்திற் குறைகாண இடமில்லை. ஆனால் வழிமுறை எத்தகையது? பெண் பாத்திரத்தின் வலிமை குறைந்த பகடைகளால் உருட்டப்பட்டது. கரிஸ்மா அவளிடமிருந்து நீக்கப்பட்டு, அவ்விடத்தில் 'அழகு' வைக்கப்பட்டது. அவ்வழகைக்கொண்டு ஆடவரை மயக்குதல், வசப்படுத்தல் முதலிய மந்திரங்களை அவள் செய்யலாம். விதியின் சொற்களை ஒதுக்கிவிட்டு அதன் கணக்கை மட்டும் நோக்கினாலும் உட்பொருள் தெளிவாகும். ஆணுக்கு உள்ள ஆறாவது இயல்பு, படையைத் திரட்டும் ஆற்றல். பெண்ணுக்கு உள்ள ஆறாவது இயல்பு, பார்ப்பவன் கண்ணில் அவள் எவ்வாறு தோன்றுகிறாள் என்பது. ஆணின் எண் அவன் செய்வதை அளந்தது. பெண்ணின் எண் அவள் காணப்படுவதை அளந்தது. சூனியக்காரி பற்றிய அச்சிறு வாக்கியத்தில் வித்தாக இருந்தது இரண்டாண்டுகளில் முளைத்துவிட்டது எனலாம்.

இவ்விதிகள் அதிகாரபூர்வமான நூல்களிற் சேர்க்கப்படவில்லை. ஆனால் அவற்றின் மனப்பாங்கு முற்றாக நீங்கிவிடவுமில்லை. 1978 இல் வெளிவந்த 'அட்வான்ஸ்ட் டஞ்சன்ஸ் அன்ட் ட்ரகன்ஸ்' ஆடுவோர் கைநூலில் மானிடப் பெண்ணின் வலிமைக்கு ஆணினுங் குறைந்த உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 1979 இல் ரி.எஸ்.ஆர். நிறுவனத்திற் சேர்ந்து அதன் முதற் பெண் ஆக்குநராக விளங்கிய ஜீன் வெல்ஸ், கிம் மோகனுடன் இணைந்து 1980 ஜூலையில் அதே சஞ்சிகையின் 39 ஆம் இதழில் எழுதிய கட்டுரை, பெண்கள் சமத்துவத்தை விரும்புகின்றனர், ஏன் விரும்பக்கூடாது என்ற பொருள்பட்ட தலைப்பையே கொண்டிருந்தது. வலிமை வரம்பு 1989 ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் கைவிடப்பட்டது. பதினோராண்டு நீடித்த அவ்விதி, நடைமுறையில் மிகச்சில பாத்திரங்களையே தொட்டிருக்கும். எனினும், மேசையில் வந்து அமரும் ஒரு பெண் தன் முதற் பாத்திரத்தை ஆக்குவதற்குக் கைநூலைத் திறக்கும்போது அவள் கண்ணிற் படும் விதி அதுவாக இருந்தது.

1978, 1979 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த இரு கைநூல்களும் கரிஸ்மாவை விரிவாக வரையறுத்தன. உடற்கவர்ச்சி, வசியப் பேச்சு, ஆளுமையின் ஈர்ப்பு ஆகிய மூன்றும் கலந்ததே அது. அழகில்லாத பாத்திரமும் ஏனைய இரண்டன் மிகுதியால் உயர்ந்த கரிஸ்மாவைப் பெறலாம் என முதல் நூல் கூறியது. நடுவருக்கான இரண்டாம் நூலிலோ கைகாக்ஸ் ஒரு விந்தையான வாதத்தை முன்வைத்தார். யூலியஸ் சீசர், நெப்போலியன், ஹிட்லர் ஆகியோர் உண்மையான கரிஸ்மாவுக்கு எடுத்துக்காட்டுகள். அவர்கள் பதினெட்டைப் பெற்றவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் பேரழகரல்லர். ஆகவே அழகும் கூடியிருந்தால் அவர்தம் எண் பதினெட்டையும் கடந்திருக்கும். எனவே பதினெட்டுக்கு மேலும் எண்கள் இருத்தல் கூடும்.

இவ்வாதத்தைச் சற்று நின்று நோக்குதல் தகும். மூன்று கூறுகளின் கலவையே ஓர் எண் எனின், அழகென்ற கூறு குறைவாக இருந்தும் எண் உச்சத்தை அடைந்தது எவ்வாறு? ஒன்றில் அழகு அக்கலவையில் உண்மையான கூறன்று. அன்றேல் அளவுகோல் பிழையானது. கைகாக்ஸ் முதலாவதை ஏற்காது இரண்டாவதை ஏற்று அளவுகோலை நீட்டினார். வெபரின் கோட்பாட்டைப் பயன்படுத்தி ஹிட்லரின் செல்வாக்கை ஆராய்ந்த இயன் கேர்ஷோ போன்ற வரலாற்றாசிரியர்கள், அச்செல்வாக்கு மக்களின் நம்பிக்கையாலும் பிரசாரத்தாலும் கட்டியெழுப்பப்பட்டதை விளக்கியுள்ளனர். விளையாட்டு விதியோ அதனைப் பிறவியிற் பகடை வழங்கிய சொத்தாகக் கருதியது.

அளவைப் பிழை பற்றிய உளவியலாய்வு ஒன்று இவ்விடத்தில் மிகப் பொருந்துவதாகும். அமெரிக்க உளவியலாளர் எட்வேட் தோண்டைக் 1920 இல் வெளியிட்ட கட்டுரையில், படை அதிகாரிகள் தம்கீழுள்ளோரின் உடல்வாகு, அறிவு, தலைமை, ஒழுக்கம் ஆகியவற்றை வெவ்வேறாக மதிப்பிட்டபோதும் அம்மதிப்பீடுகள் ஒன்றோடொன்று மிகையாக ஒத்துச்செல்வதை எடுத்துக்காட்டினார். ஒரு பண்பில் ஒளி கண்டவர் ஏனைய பண்புகளிலும் அவ்வொளியையே காண்கிறார். 1972 இல் டயோன், பேர்ஷைட், வோல்ஸ்ரர் ஆகிய மூவரும் நடத்திய ஆய்வு, அழகிய முகங்களைக் கண்டோர் அம்முகங்களுக்குரியோர் நற்பண்பும் நல்வாழ்வும் உடையோர் எனக் கருத முற்படுவதைக் காட்டியது. அதற்கு இரண்டாண்டுகளின் பின்னரே கரிஸ்மா விதி தோன்றியது. தோற்றத்தையும் தலைமையையும் ஒன்றாக்கியதில் விளையாட்டாசிரியர்கள் முற்றிலும் உலக நடப்புக்கு மாறாக நடந்தாரல்லர் என அவர்களுக்காக வாதிடலாம். படை அதிகாரிகளும் அவ்வாறே ஒன்றாக்கினர். ஆனால் தோண்டைக் அதனைப் பிழை என்றே அழைத்தார். பார்ப்பவரின் பிழை என்றார். விதியிலோ அப்பிழை பார்க்கப்படுபவரின் உடைமையாக மாறி, அவர் தாளில் எண்ணாக எழுதப்பட்டது.

பார்ப்பவர் யார் என்ற வினா முற்றிலும் மறக்கப்பட்டதாகவும் சொல்ல முடியாது. 1978 ஆம் ஆண்டு விதியின்படி குறளர் இனத்தவரின் கரிஸ்மாவில் ஒன்று குறைக்கப்பட்டது. அக்குறைப்பு ஏனைய இனத்தவர் பார்வைக்கே உரியது, குறளரிடையே இல்லை எனவும் சொல்லப்பட்டது. இது நுட்பமான விதி. அழகு காண்போர் சமூகத்தைப் பொறுத்தது என்பதை அது ஏற்கிறது. ஆனால் மானிடருக்கு இத்தகைய குறைப்பு எதுவும் இல்லை. குறளர் ஊருக்குட் செல்லும் மானிடன் தன் எண்ணில் எதனையும் இழப்பதில்லை. ஓர்க் இனத்தந்தைக்கோ தாய்க்கோ பிறந்த 'அரை ஓர்க்' நிலை இன்னும் மோசமானது: இரண்டு குறைப்பு, உச்சவரம்பு பன்னிரண்டு. காண்பவர் மானிடரே என்பது சொல்லாமலே நிறுவப்பட்டது. மானிடவியல் பயின்றோர்க்கு இத்தகைய மறைமுக மையம் புதிதன்று.

இனி, இவ்வரலாற்றின் உச்சக்கட்டமெனத் தக்க 'கம்லினஸ்' விதியை நோக்கலாம். கைகாக்ஸ் இதனை 1982 இல் சஞ்சிகையில் அறிமுகஞ்செய்து, 1985 இல் வெளிவந்த 'அன்ஏர்த்ட் ஆர்க்கேனா' என்ற நூலிற் சேர்த்தார். ரி.எஸ்.ஆர். கடனில் மூழ்கியிருந்த காலம் அது. நன்கு விற்கக்கூடிய புதிய நூல்கள் நிறுவனத்துக்கு அவசரமாகத் தேவைப்பட்டன. ஆறு இயல்புகளுடன் ஏழாவதாக வடிவு சேர்க்கப்பட்டது. அதற்கும் மூன்று பகடைகள். பின்னர் கரிஸ்மாவுக்கேற்ப அதில் கூட்டலோ கழித்தலோ செய்யப்படும், இனத்துக்கேற்பவும் அவ்வாறே. எல்ஃப் இனத்தவர்க்குக் கூடும், அரை ஓர்க்குக்குக் குறையும். தலைமையினின்று அழகைப் பிரிப்பதற்கென வந்த விதி, தன் முதற் கணக்கிலேயே தலைமையை மீண்டும் துணைக்கழைத்துக்கொண்டது.

விதியின் கூர்முனை வேறிடத்தில் இருந்தது. வடிவு பதினெட்டு முதல் இருபத்தொன்றுவரை உடைய பாத்திரத்தைக் காணும் எதிர்ப்பாலார், தம் விவேகம் அவ்வெண்ணின் பாதியை மிஞ்சாதவிடத்து, மயக்கு மந்திரத்துக்கு ஆட்பட்டவர்போல் ஆவர். இருபத்திரண்டும் அதற்கு மேலும் எனின், விவேகம் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைந்த யாவரும் அகப்படுவர். இதனைச் சிறிது கணக்கிட்டுப் பார்க்கலாம். மூன்று பகடைகளின் கூட்டுத்தொகை ஒன்பதோ அதனிற் குறைவோ ஆவதற்கான வாய்ப்பு 216 இல் 81, அதாவது 37.5 நூற்றுவீதம். ஆகவே விவேகம் மூன்று பகடைகளால் உருட்டப்பட்ட கூட்டமொன்றில், வடிவு பதினெட்டுடைய ஒருத்தி நுழைந்ததும் எதிர்ப்பாலாரில் எட்டுப்பேருக்கு மூவர் சுயநினைவிழப்பர். வடிவு இருபத்திரண்டு எனின் விவேகம் பதினைந்தேனும் வேண்டும். அது 216 இல் 20 பேருக்கே வாய்க்கும். பத்துப்பேரில் ஒன்பதுபேர் மந்திரத்துக்கு ஆட்பட்டோராவர். சந்தைக்குச் சென்று ஒரு கூடை காய்கறி வாங்கிவருதல் அத்தகைய பாத்திரத்துக்கு இயலாத காரியமாகிவிடும்.

மேலும், பதினெட்டுக்கு மேற்பட்ட வடிவுடையவர் தம்மை நாடிவந்தவரைக் கடுமையாக மறுத்தால், மறுக்கப்பட்டவர் அவரை அருவருக்கத்தக்க தோற்றமுடையவர்போல் எதிர்கொள்வர் எனவும், அவ்வெதிர் எண் உண்மையெண்ணின் பாதி எனவும் விதி வகுத்தது. காதலின் ஏமாற்றம் வெறுப்பாக மாறுவதை ஆசிரியர் கூர்ந்து கண்டிருந்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வெறுப்பும் மறுத்தவரின் கணக்கிலேயே எழுதப்பட்டது. மறுக்கப்பட்டவரின் தாளில் எந்த எண்ணும் மாறவில்லை.

இவ்விதி ஆடுவோரிடையே வேரூன்றாமைக்குக் காரணம் அதன் கணக்கின் சிக்கல் மட்டுமன்று. பாத்திரமேற்பு விளையாட்டுகளில் எழுதப்படாத உடன்படிக்கை ஒன்றுண்டு: என் பாத்திரம் என்ன எண்ணுகிறது, எவரை விரும்புகிறது என்பதை நானே சொல்வேன் என்பது ஒவ்வோர் ஆடுநரின் உரிமை. கரிஸ்மா விதி நடுவர் இயக்கும் பாத்திரங்களின் எதிர்வினையையே தீர்மானித்தது. காவலாளி கதவைத் திறப்பானா, கூலிவீரன் நிற்பானா என்பன அதன் எல்லை. வடிவு விதியோ அவ்வெல்லையைக் கடந்து, ஆடுநரின் சொந்தப் பாத்திரத்தையும் பிறரொருவரின் முகத்துக்கு அடிமையாக்கத்தக்கதாக இருந்தது. மந்திரம் அவ்வாறு செய்தால் எவரும் முறையிடுவதில்லை. அதற்கெதிராகப் பகடை உருட்டித் தப்ப வழியுண்டு. 1977 ஆம் ஆண்டின் 'மொன்ஸ்ரர் மனுவல்' விவரிக்கும் நிம்ஃப் என்னும் நீரணங்கைக் கண்டவர் தப்பப் பகடை உருட்டத் தவறின் நிரந்தரமாகக் குருடராவர். அவள் ஆடையின்றி இருந்தால் இறப்பர். அவள் தெய்வத்தன்மை வாய்ந்த அணங்கு, அவ்வச்சம் பழங்கதைகளுக்குரியது. அயலூர்க் கடைக்காரரின் மகளுக்கு அதே ஆற்றலைக் கொடுத்தபோதுதான் விதி நகைப்புக்கிடமாயிற்று.

பிற விளையாட்டுகள் இச்சிக்கலை வெவ்வேறு வகையில் எதிர்கொண்டன. 1978 இல் கரிஸ்மாவுடன் வெளிவந்த 'ரூன்குவெஸ்ற்' 1984 ஆம் ஆண்டுப் பதிப்பில் அதனை நீக்கித் 'தோற்றம்' என்ற இயல்பை வைத்தது. 1983 இல் வந்த பலேடியம் விளையாட்டில் உடலழகு மிகுந்தோர்க்குப் பிறரைக் கவரும் வாய்ப்பு நூற்றுவீதமாகத் தரப்பட்டது. 1981 இல் தோன்றிய 'சம்பியன்ஸ்' பகடையை விட்டு விலைமுறையைக் கையாண்டது. ஆடுநர் தமக்குக் கிடைத்த புள்ளிகளைச் செலவிட்டு இயல்புகளை வாங்குவர். அதில் வடிவின் விலை அரைப்புள்ளி. மலிவுக்குக் காரணம் வெளிப்படை: போரில் அதனால் ஆவது ஒன்றுமில்லை. பத்திலிருந்து இருபதுக்கு உயர்த்த ஐந்து புள்ளிகளே போதும். அதனால் அவ்விளையாட்டின் நகரங்கள் பேரழகராலும் பேரழகியராலும் நிரம்பின என்றாலும் வியப்பில்லை. 2009 ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பில் அவ்வியல்பு முற்றாக நீக்கப்பட்டது. 'கேர்ப்ஸ்' என்ற விளையாட்டின் 2004 ஆம் ஆண்டுப் பதிப்பில் அழகின் விலை ஏறியிருந்தது. பேரழகு வாங்கப் பன்னிரண்டு புள்ளிகள். வலிமையில் ஒன்றை உயர்த்தப் பத்து. அதற்கும் மேற்பட்ட நிலையை வாங்கியோர்க்கு எச்சரிக்கையும் உடன்வந்தது: குடிகாரரும் அடிமை வணிகரும் அவரைத் தேடிவருவர். அழகு ஆற்றலாக மட்டுமன்றி ஆபத்தாகவும் அமையும் என்பதை ஒரு விதிநூல் கருத்திற்கொண்டது வரவேற்கத்தக்கது. அவலட்சணத்தை ஏற்போர்க்கு அந்நூல் புள்ளிகளைத் திருப்பிக்கொடுத்தது. இழப்பீடு என்றே அதனைக் கருதலாம்.

எண்ணிட்டுச் செய்தவற்றுள் பொருத்தமானவை எனத் தக்கவை இரண்டு. முதலாவது, கிரெக் ஸ்ராஃபோர்ட் 1985 இல் ஆக்கிய 'பென்ட்ரகன்'. ஆர்தர் மன்னனின் அரசவையே அதன் களம். அக்கதையுலகில் வீரமும் வடிவும் உயர்குடிப் பிறப்பும் ஒன்றோடொன்று பின்னியே காணப்படும். ஆதலின் தோற்றம் ஐந்து இயல்புகளுள் ஒன்றாக அமைந்தது செயற்கையாகத் தோன்றவில்லை. அழகு இயற்கையின் விதியென அவ்விளையாட்டுச் சொல்லவில்லை. ஓர் இலக்கிய மரபின் விதியெனவே சொன்னது. மேலும் எண்ணின் இரு முனைகளிலும் நிற்போர்க்கு நினைவில் நிற்கும் அடையாளங்கள் கூடுதலாக உண்டு. நீண்ட கூந்தல், ஆழ்ந்த குரல், முகத்தழும்பு என ஆடுநரே அவற்றைத் தெரிந்து எழுதுவர். எண் சொல்லாக மாறுகிற இடம் இது.

இரண்டாவது, மார்க் ரைன்-ஹேகன் 1991 இல் வெளியிட்ட 'வம்பயர்: த மாஸ்கரேட்'. அதில் சமூக இயல்புகள் மூன்று: கரிஸ்மா, சூழ்ச்சித்திறன், தோற்றம். கைகாக்ஸ் ஒன்றாகக் கலந்ததை அவர் மூன்றாகப் பிரித்தார். அவ்விளையாட்டின் இரத்தக்காட்டேரிக் குலங்களுள் நொஸ்ஃபெராட்டு என்னும் குலத்தார்க்குத் தோற்றம் சுழியம்; எத்துணைப் புள்ளி செலவிட்டாலும் உயர்த்த முடியாது. ஆயினும் அவர்கள் விளையாட்டின் மிக விரும்பப்பட்ட குலங்களுள் ஒன்றாயினர். முகங்காட்ட இயலாத அவர்கள் மறைந்தியங்கும் ஆற்றலையும் இரகசியங்களை அறியும் தொழிலையும் மேற்கொண்டனர். குறைந்த எண் அங்கே கழித்தலாக நில்லாது, ஒரு வாழ்க்கைமுறையாக விரிந்தது. அதே நிறுவனம் 2004 இல் வெளியிட்ட 'வம்பயர்: த ரெக்குயம்' தோற்றத்தைக் கைவிட்டது, 2018 ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பிலும் அதன் இடத்தை நிதானம் பெற்றது.

டஞ்சன்ஸ் அன்ட் ட்ரகன்ஸின் பிற்கால வரலாறு சுருக்கமானது. 1989 ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு வடிவைத் தன் அடிப்படை நூல்களிற் சேர்க்கவில்லை. 1995 இல் ஒரு துணைநூல் கரிஸ்மாவைத் தலைமை, தோற்றம் என இரு கூறாக்கிப் பார்த்தது, அது நிலைக்கவில்லை. 2000 ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் உண்மையான திருப்பம் நிகழ்ந்தது. உடற்கவர்ச்சி வரையறையில் இன்னும் எஞ்சியிருந்தபோதிலும், கரிஸ்மா ஆளுமையின் அகவலிமை என விளக்கப்பட்டு, மந்திரவாதிகளுள் ஒருசாரார்க்கு மந்திர ஆற்றலின் ஊற்றாகவும் ஆக்கப்பட்டது. சாக்குக்கணவாயின் முகத்தையொத்த முகமுடைய மைன்ட் ஃபிளேயர் என்னும் கொடிய விலங்கினத்துக்குப் பதினேழு கரிஸ்மா வழங்கப்பட்டபோது, அவ்வெண்ணுக்கும் அழகுக்குமிடையிலான பழைய உறவு அறுந்துவிட்டது எனலாம். எனினும் அதே பதிப்பில் குறளர்க்கும் அரை ஓர்க்குக்கும் கரிஸ்மாவில் இரண்டு குறைக்கப்பட்டது. பொருள் மாறிய பின்னரும் கழித்தல் மட்டும் நின்றது. குறளருக்கு அகவலிமை குறைவு என்பதற்கு அவ்விளையாட்டின் கதைகளில் எச்சான்றும் இல்லை. பழைய கணக்கு வழக்கமாகிவிட்டது என்பதன்றி வேறு விளக்கம் காண்பதரிது.

2014 ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில் அக்கழித்தல்கள் இல்லை. கரிஸ்மா என்பது பிறருடன் திறம்படப் பழகும் ஆற்றல், தன்னம்பிக்கை, சொல்வன்மை ஆகியவற்றையே குறித்தது. தோற்றம் வரையறையினின்று நீங்கியது. பாத்திரம் ஆணாயினும் பெண்ணாயினும் அதனால் நன்மையோ தடையோ இல்லையென அந்நூல் வெளிப்படையாகக் கூறியது. உயரத்தையும் நிறையையும் தீர்மானிக்க மட்டும் பகடை அட்டவணையொன்று அதில் எஞ்சியிருந்தது. மானிடனின் உயரம் நான்கு அடி எட்டு அங்குலத்துடன் பதின்முகப் பகடைகள் இரண்டின் கூட்டுத்தொகையைச் சேர்த்துப் பெறப்படும். கண்ணின் நிறம், தலைமயிர், தோல், முகம் ஆகியவற்றுக்கு அட்டவணை இல்லை. பாத்திரத் தாளின் இரண்டாம் பக்கத்தில் தோற்றத்துக்கென வெறுமையான ஒரு கட்டம் விடப்பட்டுள்ளது. அதில் ஆடுநர் விரும்பியதை எழுதலாம், வரையலாம்.